சீனத்தில் எழுத்தாளன் பிறந்த நானூறு ஆண்டுகள்

கி.பி. 220களில் வெய் அரசின் முதல் பேரரசர் சாவோ பீ, தெற்கே தனியாட்சி நடத்திய சுன் சுவானுக்கு ஒரு பரிசு அனுப்பினார். தான் எழுதிய கட்டுரைத் தொகுதியும் கவிதைகளும்தான் அந்தப் பரிசு. பட்டுத் துணியில் எழுதப்பட்ட படி மன்னருக்கு. அதே நூலின் இன்னொரு படியைக் காகிதத்தில் எழுதச் செய்து சுன் சுவானின் மூத்த அமைச்சர் ஜாங் ஜாவோவுக்கு அனுப்பினார். மூன்று நாடுகள் கால (சீனா மூன்றாகப் பிரிந்திருந்த காலம்) வரலாற்றுக்கு எழுதப்பட்ட பழைய உரையில் ஒற்றை வரியாக இந்தச் செய்தி கிடக்கிறது.

சீனக் கலை, இலக்கியத்தின் தொடக்கப் புதுமைகள் என்றதும் காகிதமும் அச்சும்தான் உடனே பட்டியலில் வரும். இரண்டும் பெரியவைதான். ஆனால் அந்த ஒற்றை வரியில் அவற்றைவிடப் பெரிய ஒன்று நடந்திருக்கிறது. படை நடத்தும் ஓர் அரசன், தன் எதிரி தன்னை எழுத்தாளனாகவும் அறிய வேண்டும் என்று விரும்புகிறான். ஒரு படைப்பை எழுதியவர் யார், அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதற்காகவே போற்றலாம், எடைபோடலாம், சேர்த்து வைக்கலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வேர்விட்டது. ஏறத்தாழ 150 முதல் 530 வரையிலான அந்தக் காலம், அரசியலாகப் பார்த்தால் சிதைவின் காலம். கலைக்கு அதுவே விளைச்சல் காலமாக அமைந்தது.

இதன் புதுமை புரிய, அதற்கு முன்பிருந்த ஆயிரத்து நானூறு ஆண்டுகளை வேகமாகக் கடந்து வர வேண்டும்.

சீன எழுத்தின் மிகப் பழைய பெருந்தொகுதி, கி.மு. 1250ஐ ஒட்டிய காலத்திலிருந்து கிடைக்கும் ஆரூட எலும்புகள். ஷாங் அரசர்களின் கடைசித் தலைநகரான இன்றைய அன்யாங்கில் மாட்டின் தோள்பட்டை எலும்பிலும் ஆமையின் அடியோட்டிலும் கேள்விகளைச் செதுக்கினார்கள். மழை வருமா, போருக்குப் போகலாமா, அரசிக்குப் பிள்ளைப்பேறு நல்லபடி முடியுமா? சூடேற்றினால் ஓட்டில் விழும் வெடிப்பே முன்னோர் சொல்லும் விடை. 1899இல் அறிஞர்களின் கண்ணில் பட்ட இந்தத் துண்டுகள் இன்று லட்சத்துக்கு மேல் சேர்ந்திருக்கின்றன. குறி கேட்டவர்களின் பெயர்கள்கூட அவற்றில் உண்டு. ஆனால் அங்கே எழுதியவர் என்று யாரும் இல்லை. எழுத்து, உயிரோடு இருப்பவர் இறந்தவரிடம் பேசும் வழி.

வெண்கலமும் அப்படித்தான். களிமண் அச்சுகளைத் துண்டு துண்டாகச் செய்து, பொருத்தி, இடையில் உலோகத்தை ஊற்றும் முறையில் ஷாங், ஜோ காலக் கொல்லர்கள் அடைந்த தேர்ச்சி வியப்பூட்டுவது. அன்யாங்கில் 1939இல் கிடைத்த ஒரே ஒரு நான்கு கால் பாத்திரத்தின் எடை 830 கிலோவுக்கு மேல். மேற்கு ஜோ காலத்தின் பிற்பகுதியில் வார்க்கப்பட்ட இன்னொரு பாத்திரத்தின் உட்புறத்தில் ஏறக்குறைய 500 எழுத்துகள் கொண்ட அரச ஆணை இருக்கிறது. இத்தகைய பொறிப்புகள் பெரும்பாலும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் என்றென்றும் போற்றிப் பயன்படுத்துக என்ற வாய்பாட்டோடு முடியும். வார்த்தவர் யார், வாசகத்தை வடித்தவர் யார் என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அடுத்து வந்தது மூங்கில். நீளக் கீற்றுகளாகச் சீவி, ஈரம் போகத் தீயில் வாட்டி, தூரிகையால் மேலிருந்து கீழாக எழுதி, கயிற்றால் கோத்துச் சுருட்டி வைத்தார்கள். இந்தச் சுருள்களின் எடை அரசாட்சியையே அழுத்தியது. சீனாவை கி.மு. 221இல் ஒன்றாக்கிய சின் ஷி ஹுவாங், நாள்தோறும் இத்தனை எடை ஆவணங்களைப் படித்து முடிக்காமல் ஓய்வதில்லை என்று வரையறை வைத்திருந்தாராம். அந்த எடை இன்றைய கணக்கில் ஏறத்தாழ 30 கிலோ. ஹான் பேரரசர் வூவிடம் தோங்ஃபாங் ஷுவோ என்பவர் கொடுத்த விண்ணப்பம் மூவாயிரம் பலகைகளில் இருந்தது. இரண்டு பேர் சேர்ந்து தூக்கித்தான் கொண்டுவந்தார்கள். பேரரசர் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆயிற்று.

இந்தக் காலத்தில் பெயருள்ள படைப்பாளிகளே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாடுகடத்தப்பட்ட துயரைப் பாடிய சூ யுவான் இருக்கிறார். தன் வரலாற்று நூலில் 5,26,500 எழுத்துகள் இருப்பதாக முடிவுரையில் கணக்குச் சொன்ன சிமா சியான் இருக்கிறார். ஆண்மை நீக்கத் தண்டனையின் இழிவைத் தாங்கிக்கொண்டு உயிரோடு இருந்ததே அந்த நூலை முடிக்கத்தான் என்று அவர் எழுதியதை எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு கனக்கும். ஆனால் இவர்கள் தனி மலைகள். எழுத்துக்காகவே எழுத்தைப் பேசும் ஒரு கூட்டமோ, அதற்கென ஒரு மொழியோ அவர்களைச் சுற்றி உருவாகவில்லை.

அதை உருவாக்கியதில் காகிதத்துக்குப் பெரும் பங்குண்டு. அரண்மனைப் பட்டறைகளின் பொறுப்பிலிருந்த சாய் லுன், மரப்பட்டை, சணல் கழிவு, கந்தல் துணி, பழைய மீன்வலை ஆகியவற்றைக் கொண்டு காகிதம் செய்யும் முறையை 105இல் பேரரசரிடம் சமர்ப்பித்தார். காகிதம் அவருக்கும் முந்தியது. கான்சூ மாகாணத்தின் ஃபாங்மாதானில் கி.மு. 2ஆம் நூற்றாண்டுக் காகிதத் துண்டு ஒன்று வரைபடக் கோடுகளோடு கிடைத்திருக்கிறது. மலிவான, மட்டமென ஒதுக்கிய பொருள்களிலிருந்து எழுதத் தகுந்த தாளை நம்பகமாகச் செய்யும் வழியை நிலைநிறுத்தியதே சாய் லுன்னின் சாதனை. ஆனாலும் மதிப்பு உடனே வந்துவிடவில்லை. 2ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுய் யுவான் என்ற அறிஞர் ஒரு நண்பருக்குப் பத்துச் சுருள் புத்தகம் அனுப்பியபோது, பட்டுக்கு எனக்கு வசதியில்லை, காகிதத்தில்தான் அனுப்புகிறேன் என்று கூச்சத்தோடு எழுதினார். நூறாண்டு கழிந்தும் சாவோ பீ மன்னருக்குப் பட்டும் அமைச்சருக்குக் காகிதமும் அனுப்பியதில் அதே படிநிலை தெரிகிறது. அரசு ஆவணங்களில் மூங்கிலுக்குப் பதில் மஞ்சள் காகிதமே பயன்பட வேண்டும் என்ற ஆணை 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஹுவான் ஷுவான் ஆட்சியைப் பிடித்திருந்த குறுகிய காலத்தில்தான் வருகிறது.

காகிதம் முதலில் மாற்றியது கையை. அகன்ற, வழுவழுப்பான பரப்பு கிடைத்ததும் எழுத்துகள் நீளவும் வளையவும் ஒன்றோடொன்று ஓடிச் சேரவும் தொடங்கின. குமாஸ்தாக்கள் அவசரத்துக்குக் கிறுக்கிய விரைவெழுத்து, 2ஆம் நூற்றாண்டில் படித்தவர்களைப் பித்துப் பிடிக்க வைத்தது. ஜாங் ஜி என்பவர் எழுதிப் பழகிய குளத்தின் நீர் முழுக்கக் கறுத்துப்போனதாக மரபுக் கதை சொல்கிறது. இந்த மோகத்தைக் கண்டித்து ஜாவோ யீ எழுதிய கட்டுரை கிடைத்திருக்கிறது. பத்து நாளுக்கு ஒரு தூரிகை தேய்கிறது, மாதத்துக்குப் பல மை உருண்டைகள் கரைகின்றன, சட்டைக் கழுத்தும் கையும் கறுத்து, உதடும் பல்லும் கறுத்துக் கிடக்கின்றன, கூட்டத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் விரலால் தரையில் எழுதுகிறார்கள், நகம் உடைந்து இரத்தம் வந்தாலும் விடுவதில்லை என்கிறார். இதனால் பதவி வருமா, தேர்வில் உதவுமா என்று கேட்கிறார். அவர் கேள்விக்குள்ளேயே விடை இருக்கிறது. எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தும் ஒரு கோட்டை அழகாக இழுப்பதற்காகவே மனிதர்கள் இரவு பகலாக உழைத்தார்கள். ஒரு கலை பிறந்துவிட்டது என்பதற்கு அதை எதிர்த்தவரின் சாட்சியைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

அரசும் இரண்டு பக்கமும் இழுபட்டது. 175இல் கன்பூசிய மூலநூல்களின் திருத்தமான பாடத்தைக் கல்லில் செதுக்கும் பணி தொடங்கியது. சாய் யோங் முதலிய அறிஞர்கள் மேற்பார்த்தார்கள். 183இல் முடிந்தபோது லுவோயாங் கல்விக்கழகத்தின் வாசலில் 46 கற்பலகைகள் நின்றன. பார்க்கவும் படியெடுக்கவும் நாளுக்கு ஆயிரம் வண்டிகளுக்கு மேல் வந்து தெருவை அடைத்தன என்கிறது வரலாறு. அந்தப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே, 178இல், பேரரசர் லிங் வேறொரு கல்விக்கூடத்தைத் திறந்தார். அங்கே மூலநூல் தேர்ச்சி முக்கியமல்ல. ஃபூ எனும் நெடும்பாடலும் மடல் எழுதும் திறனும் அலங்கார எழுத்தும்தான் தகுதி. சாய் யோங் அதைக் கடுமையாக எதிர்த்தார். தானே பேர்பெற்ற எழுத்தணிக்கலைஞர், இசைக்கலைஞர்; ஆனாலும் கலைத்திறனை ஆட்சிப் பதவிக்குத் தகுதியாக்குவதை அவரால் ஏற்க முடியவில்லை.

பிறகு ஹான் பேரரசு சரிந்தது. சாவோ சாவோ வடக்கைக் கைப்பற்றித் தன் அவையில் கவிஞர்களைச் சேர்த்தார். அவர் மகன்கள் சாவோ பீயும் சாவோ ஜியும் அவர்களோடு சேர்ந்து விருந்துண்டார்கள், ஒரே தலைப்பில் போட்டிபோட்டு எழுதினார்கள். ஏழு பேரை சாவோ பீ தனியாகப் பெயர் சொல்லிப் போற்றுகிறார். அந்த எழுவரில் கோங் ரோங் 208இல் சாவோ சாவோவின் ஆணையாலேயே கொல்லப்பட்டார். ருவான் யூ 212இல் இறந்தார். 217இல் வாங் சான் படையெடுப்பின் வழியில் மறைந்தார். கழுதை கத்தும் ஓசை அவருக்குப் பிடிக்கும் என்பதால், அடக்கத்துக்கு வந்த எல்லோரையும் ஒருமுறை கழுதைபோல் கத்தி வழியனுப்பச் சொன்னாராம் சாவோ பீ. அதே ஆண்டுக் கொள்ளைநோயில் மீதி நால்வரும் போனார்கள்.

நண்பர் ஒருவருக்கு அதன் பின் சாவோ பீ எழுதிய மடல் இருக்கிறது. வண்டிகளைச் சேர்த்தே ஓட்டிப் போனோம், விரிப்புகளைச் சேர்த்துப் போட்டு உட்கார்ந்தோம், நூறாண்டு இப்படியே இருப்போம் என்று நினைத்தோம், அவர்கள் விட்டுப்போன எழுத்தையெல்லாம் சேர்த்து ஒரு தொகுதியாக்கினேன், பெயர்களைப் பார்த்தால் எல்லாம் ஆவிகளின் பதிவேட்டில் இருக்கின்றன என்று அதில் புலம்புகிறார். இறந்துபோன எழுத்தாளர்களின் படைப்புகளை இலக்கியம் என்பதற்காகவே சேர்த்துத் தொகுத்த மிகப் பழைய சீனச் சான்றுகளில் இது ஒன்று. கொள்ளைநோயின் துக்கத்திலிருந்து பிறந்த தொகுப்பு.

அந்தத் துக்கம்தான் அவருடைய புகழ்பெற்ற கட்டுரைக்கும் அடிநாதம். ஆயுள் ஒருநாள் முடியும், பதவியும் இன்பமும் உடலோடு போகும், எழுத்துக்கு மட்டும் முடிவில்லை என்கிறார். எழுத்து நாட்டை ஆளும் பெரும்பணி என்று ஒரே மூச்சில் சொல்லி, இலக்கியத்தை அரசாட்சிக்கு இணையாக உட்கார வைக்கிறார். அதைவிடப் புதிய கருத்து ஒன்று அதில் உண்டு. எழுத்தில் தலையாயது எழுதுபவரின் உயிர்மூச்சு. அது பிறவியோடு வருவது. தந்தையிடம் இருந்தாலும் மகனுக்குக் கொடுக்க முடியாது, அண்ணன் தம்பிக்குக் கொடுக்க முடியாது. ஒரே பண்ணை இருவர் பாடினாலும் ஒன்றாக இருக்காது என்பதுபோல. ஓர் அரச குடும்பத்தில் உயிரோடிருந்தவர்களில் மூத்த மகன், தன்னைவிடப் பெரிய கவிஞனாகப் பேரெடுத்த தம்பியை வைத்துக்கொண்டு இதை எழுதினார் என்பதை மறக்காமல் படிக்க வேண்டும்.

அடுத்த தலைமுறையில் லூ ஜி வருகிறார். அவருடைய குடும்பம் சுன் சுவான் ஆண்ட வூ நாட்டின் படைத்தலைவர் குடும்பம். 280இல் நாடு வீழ்ந்தது. பத்தாண்டு ஒதுங்கியிருந்து படித்துவிட்டு, வென்றவர்களான ஜின் அரசின் தலைநகர் லுவோயாங்குக்குப் போனார். எழுதும் அனுபவத்தையே பொருளாக்கி அவர் ஒரு நெடும்பாடல் எழுதினார். நினைப்பது பொருளுக்கு ஈடாவதில்லை, சொல் நினைப்பை எட்டுவதில்லை என்ற ஓயாத கவலையை அதன் முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார். அவர் கையாலே தேய்ந்த தூரிகையில் எழுதியதாகக் கருதப்படும் ஒன்பது வரி மடல், ஒரு நண்பரின் நோயைப் பற்றியது, இன்றும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதே லுவோயாங்கில் ஜுவோ சி என்பவர் மூன்று தலைநகரங்களைப் பற்றி ஒரு நெடும்பாடல் எழுதப் பத்தாண்டு உழைத்தார். வீட்டு வாசல், தோட்டம், கழிப்பிடம் என எங்கும் தூரிகையும் காகிதமும் வைத்து, தோன்றும்போதெல்லாம் ஒரு வரி எழுதினார். முடிந்தால் மதுச்சாடியை மூட உதவும் என்று லூ ஜி தம்பிக்கு எழுதி ஏளனம் செய்தார். பாடல் வெளிவந்ததும், தானும் அதே பொருளில் எழுத வைத்திருந்த எண்ணத்தைக் கைவிட்டார். பணக்கார வீட்டார் போட்டிபோட்டுப் படியெடுத்ததில் லுவோயாங்கில் காகித விலை ஏறியது. சுய் யுவான் கூச்சத்தோடு அனுப்பிய பொருளுக்கு இப்போது ஒரு கவிதையால் தட்டுப்பாடு.

லூ ஜி 303இல் உள்நாட்டுப் போரில் தோற்றுக் கொல்லப்பட்டார். 311இல் லுவோயாங்கே எரிந்தது. உயர்குடிகள் யாங்சி ஆற்றைக் கடந்து ஓடின. 317இல் இன்றைய நான்ஜிங்கில் ஜின் அவை மீண்டும் கூடியது. வடக்கின் வறண்ட சமவெளியிலிருந்து வந்தவர்கள் முதல்முறையாகப் பச்சை மலைகளுக்கும் மூடுபனிக்கும் நடுவே வாழத் தொடங்கினார்கள். 353 வசந்தத்தில் ஷாவ்ஷிங் அருகே வாங் ஷீஜி நாற்பதுக்கும் மேற்பட்டோரை ஓடைக்கரையில் கூட்டினார். மிதந்து வரும் மதுக்கிண்ணம் முன்னால் நின்றால் கவிதை சொல்ல வேண்டும், இல்லையேல் குடிக்க வேண்டும். 26 பேர் எழுதினார்கள். அந்தத் தொகுப்புக்கு வாங் ஷீஜி எழுதிய 324 எழுத்து முன்னுரைதான் சீன எழுத்தணிக்கலையின் உச்சமாகப் போற்றப்படுகிறது. ஒரே எழுத்து அதில் இருபது முறை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வடிவெடுக்கிறது. மூலம் 7ஆம் நூற்றாண்டுத் தாங் பேரரசர் தாய்சோங்கின் கல்லறைக்குள் போய்விட்டதாகச் சொல்வார்கள். நாம் பார்ப்பவை தாங் காலப் படிகள்.

எனக்கு அதைவிட நெருக்கமானது அவருடைய பன்னிரண்டு எழுத்து மடல். முந்நூறு ஆரஞ்சு அனுப்புகிறேன், இன்னும் உறைபனி விழவில்லை, அதிகம் கிடைக்காது. அவ்வளவுதான். தைபே அருங்காட்சியகத்திலுள்ள அதன் பழைய படியைப் பேரரசர்கள் முத்திரை குத்திக் காத்தார்கள். பொருளுக்காக அதை யாரும் காத்திருக்க முடியாது. எழுதிய கையின் ஓட்டத்துக்காக மட்டுமே.

தூரிகை ஒன்றே என்பதால் ஓவியமும் பின்தொடர்ந்தது. கூ கைஜி இளைஞராக இருந்தபோது நான்ஜிங்கின் வாகுவான் மடத்துக்குப் பத்து லட்சம் காசு தருவதாக வாக்களித்தார். கையில் பணமில்லை. ஒரு சுவரில், புத்த நூல்களில் வரும் இல்லறத்தார் விமலகீர்த்தியின் உருவத்தைக் கண்மணி தவிர முழுதும் வரைந்து முடித்தார். கண் திறக்கும் நாளில் பார்க்க வருபவர் ஒரு லட்சம், மறுநாள் ஐம்பதாயிரம் தர வேண்டும் என்று மடத்தாரிடம் சொன்னார். பணம் சேர்ந்துவிட்டது. உடலின் அழகும் குறையும் பொருட்டல்ல, உயிர் கண்ணில்தான் இருக்கிறது என்பது அவர் கொள்கை. அரண்மனைப் பெண்களுக்கான அறிவுரைகளைச் சித்திரமாக்கிய சுருள் ஒன்று அவர் பெயரால் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிற்காலப் படியாகவே அறிஞர்கள் அதைக் கருதுகிறார்கள். ஆனால் பட்டு நூல்போல ஒரே கனத்தில் ஓடும் அந்தக் கோட்டில் பழைய தூரிகையின் பண்பு தெரிகிறது.

ஜோங் பிங் 443இல் இறந்த புத்த பக்தர். மலை மலையாகச் சுற்றியவர், முதுமையிலும் நோயிலும் நடக்க முடியாமல் போனதும் தான் கண்ட மலைகளை அறைச் சுவர்களில் வரைந்து, படுத்தபடியே அவற்றில் உலவினார். மெல்லிய பட்டைக் கண்ணெதிரே விரித்தால் குன்லுன் மலையே அதற்குள் அடங்கும், மூன்று அங்குலக் கோடு பெருமலையின் உயரமாகும் என்று எழுதினார். இயற்கைக்காட்சி ஓவியம் என்ற பெரு மரபின் முதல் கொள்கைக் கட்டுரை அது.

புத்த மதம் கவிதையின் ஓசைக்குள்ளும் நுழைந்தது. 480களில் ஷென் யுவேயும் நண்பர்களும் சீன மொழியின் நான்கு தொனிகளை, அதாவது அசையின் குரல் ஏற்ற இறக்கங்களை, பிரித்தறிந்து, எந்தத் தொனிக்குப் பின் எது வரலாம் என்று யாப்பு விதி வகுத்தார்கள். அவர்கள் கூடிய இளவரசரின் மாளிகையில்தான் 489இல் சூத்திரம் ஓதும் துறவிகளும் திரண்டார்கள். சமஸ்கிருத ஓதுமுறையைச் சீனத்தில் கொண்டுவர முயன்றதே இந்தச் செவிக்கூர்மைக்குக் காரணம் என்பது 20ஆம் நூற்றாண்டு அறிஞர் சென் யின்கே முன்வைத்த வாதம். விவரங்களில் தகராறு உண்டு; எனக்கு அதன் சாரம் ஏற்புடையதே. நம்மூரில் போதிதருமர் கதை வழியே அறிமுகமான லியாங் பேரரசர் வூ, இந்த நான்கு தொனிகள் என்றால் என்ன என்று அமைச்சர் ஒருவரிடம் கேட்டார். 'தியென் ஸ ஷெங் ஜெ', விண்ணின் மைந்தர் பெரும் ஞானி என்று அரசரைப் புகழும் நான்கே அசைகளில் நான்கு தொனிகளையும் வரிசையாக ஒலித்துக் காட்டினார் அவர். பேரரசர் கடைசிவரை அந்த முறையைப் பின்பற்றவில்லை. அடுத்த யுகத்தின் தாங் காலத்து யாப்புக் கவிதை அதன்மேல் நின்றது.

இத்தனை படைப்பு குவிந்தபின் தரம்பிரிக்க ஆள் வேண்டுமே. அங்கேதான் சாவோ பீ மறுபடியும் வருகிறார். 220இல் அவருடைய அரசு, பதவிக்கு உரிய மனிதர்களை ஒன்பது தரமாகப் பிரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. மனிதர்களை ஒரு வரியில் மதிப்பிட்டுச் சொல்வது உயர்குடிகளின் அன்றாடப் பழக்கமாயிற்று. அந்தப் பழக்கமே கலைக்கும் நகர்ந்தது. 6ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷியே ஹே 27 ஓவியர்களை ஆறு தரமாக அடுக்கினார். உயிரோட்டம் முதலாவது, எலும்புபோல் உறுதியான தூரிகைக் கோடு இரண்டாவது என்று அவர் முன்னுரையில் சொன்ன ஆறு நெறிகள் பின்னர் ஆயிரம் ஆண்டு ஓவிய விமரிசனத்தின் அடிப்படையாயின. ஜோங் ரோங் நூற்றிருபதுக்கும் மேற்பட்ட கவிஞர்களை மூன்று தரமாக்கினார். லியூ ஷியே 50 அத்தியாயங்களில் இலக்கியக் கொள்கை முழுவதையும் முறைப்படுத்தினார். ஏழையாகப் பிறந்து மடத்தில் துறவிகளோடு வளர்ந்தவர் அவர். நூலை எழுதிவிட்டு, அறிமுகம் செய்ய யாருமில்லாமல், ஷென் யுவேயின் வண்டி வரும் வழியில் தெருவியாபாரிபோல் புத்தகத்தைச் சுமந்து நின்றார். வாங்கிப் படித்த ஷென் யுவே அதைத் தன் மேசைமேலேயே வைத்துக்கொண்டார்.

லியாங் பேரரசர் வூவின் மகன், 531இல் முப்பது வயதில் இறந்த இளவரசர் ஷியாவ் தோங், எழுநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளைக் கொண்ட பெருந்தொகை ஒன்றை உருவாக்கினார். கன்பூசிய மூலநூல்களையும் தத்துவ நூல்களையும் அவர் அதில் சேர்க்கவில்லை. அவை தாழ்ந்தவை என்பதற்காக அல்ல. வேறு வகை என்பதற்காக. வரலாற்று நூல்களிலிருந்துகூட, ஆழ்ந்து சிந்தித்து அழகுபட எழுதிய பகுதிகளை மட்டும் எடுத்தார். இலக்கியத்துக்கு இவ்வளவு தெளிவாக வேலி போட்டவர் அதற்கு முன் இல்லை.

தரவரிசைகள் பல இடங்களில் தவறின. தவறியதுதான் பயன் தந்தது. ஷியே ஹே கூ கைஜியை மூன்றாம் தரத்தில் வைத்தார். சில பத்தாண்டுகளுக்குள் ஓவிய விமரிசகர் யாவ் சுய் அதை வன்மையாக மறுத்து எழுதினார். ஜோங் ரோங், சாவோ சாவோவைக் கடைசித் தரத்திலும், பதவியை உதறிவிட்டு வயலுக்குத் திரும்பி 427இல் இறந்த தாவோ யுவான்மிங்கை நடுத்தரத்திலும் வைத்தார். ஷியாவ் தோங்குக்குத் தாவோவைப் பிடிக்கும், தனித் தொகுதி தொகுத்து முன்னுரையும் எழுதினார்; ஆனாலும் தன் பெருந்தொகையில் அவருக்குக் குறைந்த இடமே கொடுத்தார். அலங்காரமில்லாத அந்த வரிகளை எங்கே வைப்பதென்று அந்தக் காலத்து அளவுகோலுக்குத் தெரியவில்லை. ஐந்நூறு ஆண்டுக்குப் பின் கவிஞர் சூ ஷி, நாடுகடத்தப்பட்டு ஹுய்ஜோவிலும் ஹைனான் தீவிலும் இருந்த நாட்களில், தாவோவின் கவிதைகளுக்கு அவற்றின் இயைபையே எடுத்தாண்டு நூற்றுக்கும் மேற்பட்ட பதில் கவிதைகள் எழுதினார். சாவோ ஜி முதல் தாங் காலப் பெருங்கவிஞர்கள் லீ பாய், தூ ஃபூ வரை ஒருவரும் தாவோவுக்கு ஈடில்லை என்று தம்பிக்கு எழுதினார்.